பள்ளிக்கூடம் முடிந்த பிறகு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ‘லத்தீனோ’ என்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 6.2 கோடி பேர். பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள்தான். ஆனால், உரிய அனுமதியில்லாமல் எல்லை தாண்டிய பெற்றோர், சின்ன வயதிலேயே கூட்டிவந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கு அரசுப் பணம் கிடையாது என்று 1975-இல் டெக்சாஸ் மாநிலம் சட்டம் போட்டது. 1977-இல் டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், பிள்ளைக்கு வருடம் 1,000 டாலர் கட்டச் சொன்னது. கூலி வேலை செய்யும் மெக்சிகோ குடும்பங்கள் எங்கே போகும்? நான்கு குடும்பங்கள் வழக்குப் போட்டன. கோர்ட்டிலேயே பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயத்தில், சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். பிறர் கண்ணில் படாமலிருக்க விசாரணையைக் காலை 6 மணிக்கே வைத்தார்கள். 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் எத்தனை பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள்!

பள்ளிக் கதவு திறந்தது. அதன் பிறகு?

ராபர்ட்டோ கன்சாலஸ் என்ற சமூகவியலாளர், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் இப்படி வளர்ந்த சுமார் 150 இளைஞர்களை 12 வருடம் கவனித்து ‘லைவ்ஸ் இன் லிம்போ’ என்ற புத்தகம் எழுதினார். பள்ளியில் இருக்கும்வரை அவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். 16 வயதுக்கு மேல் நண்பர்கள் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கிறார்கள், பகுதிநேர வேலைக்குப் போகிறார்கள். இவர்களிடம் அதற்குரிய எண்ணும் இல்லை, காகிதமும் இல்லை. தங்கள் நிலை என்னவென்று பலருக்கு அப்போதுதான் புரிகிறது.

கல்லூரி வரை போனவர்களுக்கு, நிலைமை தெரிந்து கைகொடுத்த ஓர் ஆசிரியராவது இருந்திருக்கிறார். கூட்டமான வகுப்பில் யார் கண்ணிலும் படாதவர்கள் சீக்கிரமே நின்றுவிட்டார்கள். ஆனால் மனதை உலுக்குவது இதுதான்: வயது முப்பதை நெருங்கும்போது, பட்டம் வாங்கியவர்களிலும் பலர், பாதியில் நின்றவர்கள் பார்க்கும் அதே குறைந்த கூலி வேலையில்தான் இருந்தார்கள்.

2012-இல் வந்த ‘டாகா’ திட்டம் சிலருக்கு வேலை அனுமதி தந்தது. அதையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடியுரிமை கிடையாது.

‘படிச்சா முன்னுக்கு வந்துடலாம்’ என்று நாம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்தின் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் பிள்ளைகளே, ‘நாங்க முறைப்படி வந்தவங்க, அவங்க அப்படியா?’ என்று சிலர் சொல்வது என் காதுக்கும் வருகிறது. எச்-1பி விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகள், கிரீன் கார்டு வருவதற்குள் 21 வயதாகிவிட்டால் பெற்றோரின் விசாவில் தொடர முடியாது. வேறு விசா வேண்டும், இல்லையென்றால் வளர்ந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவர்கள் வந்த வழி வேறு. பிள்ளையின் தவிப்பு ஒன்றுதான்.

உங்கள் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்யும் மெக்சிகோக்காரரிடம் ஒருநாள், ‘பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்