கற்சுவருக்குள் அடைபடும் குளங்கள்

பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகப் பாறசாலை செல்லும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், தென்னந்தோப்புகளுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் இடையே ஊர்க்குளங்கள் தென்படும். குளிக்கவும் துவைக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் வெட்டப்பட்டவை அவை. குழாய்நீர் வந்தபின் பல கைவிடப்பட்டன. பாசியும் குப்பையும் சேர்ந்தன. இன்று அத்தகைய குளங்களைத் தூர்வாரி, கற்சுவர் எழுப்பி, நடைபாதையும் விளக்கும் அமைத்துப் பூங்காவாக்கும் வழக்கம் பரவிவருகிறது. நோக்கம் நல்லதே, முறையில்தான் சிக்கல்.

குளத்தின் உயிர்வளம் பெரும்பாலும் நடுநீரில் இல்லை. கரையும் நீரும் கலக்கும் ஆழமற்ற விளிம்பில்தான் இருக்கிறது. விரால் அங்குள்ள நீர்ச்செடிகளுக்கிடையே முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காக்கும். தும்பியின் இளம்பருவம் நீருக்குள் கழியும்; இறக்கை விரிக்கும் நாளில் அது கோரைத்தண்டைப் பற்றி மேலேறியாக வேண்டும். வால் மறைந்த தவளைக்குஞ்சுக்குச் சரிவான ஈரமண் தேவை. கானாங்கோழி தாழம்புதரில் ஒளியும். சிறிய மீன்கொத்தி செங்குத்தான மண்கரையைக் குடைந்து கூடமைக்கும். செங்குத்துக் கற்சுவர் இவை அனைத்தின் வாசலையும் ஒரே நாளில் அடைத்துவிடுகிறது.

தூர்வாரும் காலமும் முக்கியமானது. நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் பணியை முடிக்க விரைவதுண்டு. நீர் வற்றி, எஞ்சிய குட்டையில் உயிர்கள் நெருங்கிக் கிடக்கும் வேளையும் அதுவே. சேற்றை முழுவதும் அள்ளும்போது அதில் புதைந்திருக்கும் தவளைகளும் தாமரைக்கிழங்குகளும் சேர்ந்தே லாரியேறும். பளபளப்பான கல்லும் தீங்கற்றதன்று: மெருகேற்றிய கரிய கல்லறைகளை நீர்ப்பரப்பென மயங்கித் தும்பிகள் நாடியதை ஹங்கேரி ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர்.

இழப்பு உயிரினங்களோடு நிற்பதில்லை. தும்பியின் இளம்பருவமும் சிறுமீன்களும் கொசுப்புழுக்களைத் தின்பவை. அவை அகன்ற குளத்தில் தேங்கும் நீர், நடைப்பயிற்சிக்கு வருவோருக்கே தொல்லையாகும்.

சட்டத்தின் துணையும் இங்கே மெலிந்தது. 2017ஆம் ஆண்டின் சதுப்புநிலப் பாதுகாப்பு விதிகள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளைத் தம் வரம்பிலிருந்து விலக்கியுள்ளன. ஊர்க்குளங்களில் பலவும் அந்த விலக்குக்குள் அடங்கிவிடக்கூடும். ஆகவே பொறுப்பு ஊராட்சியையும் கிராமசபையையுமே சேர்கிறது.

வேறு வழி இல்லாமலில்லை. சென்னை அடையாற்றுக் கழிமுகத்தையொட்டிச் சீரழிந்து கிடந்த 58 ஏக்கர் நிலம், நீர்நிலைகள் தோண்டி, மண்ணுக்குரிய செடிகளும் கண்டல் மரங்களும் நட்டு மீட்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கேளிக்கைக்கன்றிச் சூழல் கல்விக்கென்றே அது வடிவமைக்கப்பட்டது.

சிற்றூர்க் குளத்துக்கு அவ்வளவு செலவும் வேண்டியதில்லை. நான்கு கரைகளில் ஒன்றையாவது சரிவான மண்கரையாக, தாழையோடும் கோரையோடும் விட்டுவைக்கலாம். இவ்வாண்டு பாதி, மறு ஆண்டு பாதி எனத் தூர்வாரினால் உயிர்கள் ஒதுங்க இடம் கிடைக்கும். விளக்கொளி நீரில் விழாதபடி நடைபாதையை நோக்கித் தாழ்த்தலாம். மதிப்பீடு தயாராகும் முன்பே, அடுத்த கிராமசபையில் இம்மூன்றையும் எழுத்தில் கேட்பது ஊராரின் உரிமை.