மூன்று வெள்ளித் தகடும் ஒரு பாஞ்சோவும்



நான் இசையாசிரியன் அல்லன். தமிழும் நலக்கல்வியும் கற்பிப்பவன். ஆயினும் இன்று ஓர் இசைக்கருவிக்குக் குறைந்த செலவில் ஒலிபெருக்கம் அமைத்த கதையை எழுதுகிறேன். பள்ளி விழாக்களுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும் நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும். நான் செய்த ஒரு தவறும் இதில் அடங்கியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது முறையாகாது.

என் தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களுள் ஒன்று நான்கு தந்திகள் கொண்ட ஒரு பாஞ்சோ. பாஞ்சோ என்றவுடன், தட்டச்சுப் பொறிபோல் விசைகள் பதித்த புல்புல் தாரங்கைச் சிலர் நினைத்துக்கொள்வர். நம்மவர் அதனையும் பாஞ்சோ என்றே அழைப்பதால் வரும் குழப்பம் இது. நான் சொல்வது வட்டமான பறையின்மேல் நீண்ட கழுத்தைப் பொருத்தியது போன்ற மேலைநாட்டுக் கருவியை. 1960-களில் தோட்டத்து இசைக்குழுவில் அப்பா இதனை வாசித்தார். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்து, மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து மீட்டுவார். அடுத்த வரிசை வீடுகளுக்கும் அது கேட்கும்.

ஒருநாள் அந்தப் பாஞ்சோவை வகுப்பறைக்குக் கொண்டுசென்றேன். மாணவர்கள் ஆளுக்கொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு விலகினார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் விலகவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் உதடு அசையும், ஓசை வெளிவராது, அப்படிப்பட்ட பிள்ளை. ஓய்வு நேரங்களில் வந்து வாசித்துப் பழகினாள். மூன்று மாதங்களில் ஒரு பாடலுக்குப் பின்னணி வாசிக்கும் அளவு தேறிவிட்டாள்.

2024-ஆம் ஆண்டு மே 16, ஆசிரியர் நாள். மாணவர்கள் பாட, அவள் வாசிப்பதாக ஏற்பாடு. மண்டபத்தில் தகரக் கூரை; தலைக்குமேல் எட்டு மின்விசிறிகள்; இருநூறு பிள்ளைகள். கருவியின் முன் ஒலிவாங்கியை நிறுத்திவைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டுமாறு கையசைத்தேன். இன்னும் கூட்டு என்றேன். திடீரென்று ஒலிபெருக்கி 'கீங்' என்று ஊளையிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் வாசிப்பதை நிறுத்தி, பாஞ்சோவை நாற்காலியில் மெல்ல வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போனாள்.

மறுநாள் அழைத்துக் கேட்டபோது அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "எனக்கு வாசிக்கத் தெரியல, ஐயா."

ஊளையிட்டது ஒலிபெருக்கி. அதற்குக் காரணம் நான். ஆனால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவள் பதினொரு வயதுப் பிள்ளை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் எனக்கு எழுந்த ஐயம் இதுதான்: பாஞ்சோ உரத்த கருவியாயிற்றே, அதற்கு ஏன் ஒலிபெருக்கம்? அதன் வரலாற்றைப் படித்தால் இந்த ஐயம் இன்னும் வலுக்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், கரீபியன் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக் குடுக்கையின்மேல் தோலை இழுத்துக் கட்டிச் செய்த கருவியே இதன் மூதாதை. 1920-களில் நான்கு தந்திப் பாஞ்சோ, நடனக் குழுக்களிலும் ஜாஸ் குழுக்களிலும் முதன்மை பெற்றது. எக்காளங்களுக்கு நடுவே, ஒலிவாங்கியின் துணையின்றிக் கேட்கும் ஆற்றல் அதற்கு இருந்ததே காரணம். பின்னர் கித்தார் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் அந்த உரத்த ஓசை, வன்மையாக மீட்டும் பெரியவர்களின் கையிலிருந்து வருவது. மென்மையாக மீட்டும் பிள்ளையின் கையில் அதே கருவி மென்மையாகத்தான் ஒலிக்கும். "பலமா அடிம்மா" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பலமாக அடித்தால் அவள் தாளம் தவறினாள்.

அடுத்து, ஊளை ஏன் எழுந்தது? ஒலிவாங்கி பிடித்த ஓசை ஒலிபெருக்கியில் பெரிதாகி வெளிவருகிறது. அது மீண்டும் அதே ஒலிவாங்கிக்குள் நுழைந்து மேலும் பெரிதாகிறது. இந்தச் சுற்று நிற்காமல் நடப்பதே ஊளை. தொலைவில் இருக்கும் ஒலிவாங்கியின் ஒலியளவை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு விரைவாக இது நிகழும். ஆகவே ஓசையைக் காற்றிலிருந்து பிடிக்காமல் கருவியின் உடலிலிருந்தே பிடிக்க வேண்டும். அதற்கான சிறு பொறியைத்தான் இசைக்கலைஞர்கள் 'பிக்கப்' என்கிறார்கள்.

தேடியதில் இரண்டு வழிகள் தெரிந்தன. முதலாவது காந்த வகை. மின்கித்தாரில் இருப்பது போன்ற காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டது. எஃகுத் தந்தியின் அசைவை அது மின்னோட்டமாக மாற்றும். ஆனால் தந்தியை மட்டும் கேட்டால் பாஞ்சோவின் ஓசை கித்தார்போல் ஆகிவிடும். தோலின் ஓசை வராது. இதற்காகத் தந்திகளைத் தாங்கும் குதிரையின் காலடியில் மெல்லிய இரும்புத் துண்டை வைத்து, தோலுக்குக் கீழே காந்தத்தைப் பொருத்தும் வகை ஒன்றும் உண்டு. ஊளை குறைவு, ஓசை நன்று. ஆனால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க ஏறத்தாழ 900 வெள்ளி ஆகும் என்று இசைக்கருவிக் கடையில் சொன்னார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் எனக்கு ஒதுக்கியிருந்தது 150 வெள்ளி.

இரண்டாவது பீசோ வகை. பித்தளைத் தகட்டின்மேல் ஒட்டிய பீங்கான் போன்ற வட்டு. அது சற்றே வளைந்தாலும் மின்னழுத்தம் பிறக்கும். மின்மணிகளிலும் விளையாட்டுப் பொருள்களிலும் ஒலியெழுப்ப உதவும் அதே தகடுதான். எங்கள் சங்கத்தில் ஒரு தந்தையார் இருக்கிறார். குளிர்சாதனப் பெட்டிகளும் வானொலிகளும் பழுது பார்ப்பவர். அவர் சொன்னார்: "சார், தொள்ளாயிரம் வெள்ளியப் பத்தி அப்புறம் யோசிப்போம். முதல்ல மூணு வெள்ளிக்குச் சோதிச்சுப் பார்ப்போம்."

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கிருந்து 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகட்டை வாங்கிவந்தார். அப்பாவின் கருவியில் துளையிடக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை. பின்மூடியைக் கழற்றி, தோலின் உட்புறத்தில் இருபக்க ஒட்டுநாடாவால் தகட்டை ஒட்டினோம். கம்பியை மூடியின் இடுக்கு வழியாக வெளியே எடுத்தோம்.

முதல் சோதனை படுதோல்வி. தகர டப்பாவைத் தட்டியதுபோல் வறண்ட ஓசை. "மூன்று வெள்ளிக்கு இவ்வளவுதான்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, 900 வெள்ளிக்கு யாரிடம் நன்கொடை கேட்கலாம் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். ஆனால் அந்தத் தந்தையார் தகட்டைக் குறை சொல்லவில்லை. மிக்சர் என்று நாம் சொல்லும் ஒலிக்கலவைப் பெட்டியின் கையேட்டைக் கேட்டார். நாங்கள் கம்பியைச் செருகிய துளையின் உள்ளீட்டுத் தடை 10 கிலோ ஓம் என்று அதில் இருந்தது.

அவர் தந்த விளக்கம் இது. பீசோ தகடு மிக நலிந்த மின்னோட்டத்தையே தரும். குறைந்த தடையுள்ள துளையில் செருகினால் தாழ்ந்த சுருதிகள் கரைந்துபோகும். எங்கள் தகட்டின் மின்தேக்கம் ஏறத்தாழ 20 நானோ ஃபாரட். 10 கிலோ ஓம் தடையோடு சேரும்போது சுமார் 800 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஓசைகள் தேயத் தொடங்கும். எங்கள் பாஞ்சோவின் நான்கு தந்திகளின் அடிப்படைச் சுருதிகளோ 131, 196, 294, 440 ஹெர்ட்சு. நான்கும் அந்த எல்லைக்குக் கீழே! தகடு ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறது. கேட்ட காதுதான் பொருத்தமற்றது. 1 மெகா ஓம் தடையுள்ள உள்ளீடு கொடுத்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்சுக்கு இறங்கிவிடும்.

ஒரு டிரான்சிஸ்டர், சில மின்தடைகள், ஒரு 9 வோல்ட் மின்கலம் ஆகியவற்றைக் கொண்டு சிறிய முன்பெருக்கி ஒன்றை அவரே செய்து கொடுத்தார். இரைச்சலைத் தடுக்க உறையிட்ட கம்பியும் போட்டார். எல்லாம் சேர்த்து 30 வெள்ளிக்குள் முடிந்தது. ஓசை நிறைந்து வந்தது.

எஞ்சியது தகட்டை எங்கே ஒட்டுவது என்பது. குதிரையின் காலுக்கு நேர்கீழே ஒட்டினால் ஓசை உரக்க வரும், ஆனால் கூர்மையாகக் குத்தும். விளிம்பை நோக்கி நகர்த்தினால் மென்மையாகும், வலுவும் குறையும். வாசிப்பவருக்கு வேறுபாடு சரியாகக் கேட்காது; மண்டபத்தின் கடைசியில் நிற்பவருக்கே கேட்கும். அங்கே நிற்க நல்ல காது வேண்டும்.

அந்த மாணவியை அழைத்தேன். அதற்கு முன்னர் அவள் வகுப்பின் முன்னிலையில் ஒன்றைச் சொன்னேன்: "ஆசிரியர் நாளன்று ஒலிபெருக்கி ஊளையிட்டதற்கு நான்தான் காரணம். ஒலியைக் கூட்டச் சொன்னது நான். வாசித்ததில் பிழையில்லை." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை, "நீ வாசிக்க வேண்டாம், கடைசியில் நின்று கேட்டால் போதும்" என்றேன். ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தகட்டை மாற்றி மாற்றி ஒட்டி நான் வாசித்தேன். "முதலாவது குத்துது, ஐயா." "ரெண்டாவது மூக்கால பேசுற மாதிரி இருக்கு." மூன்றாவது இடம் குதிரையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கழுத்துப் பக்கமாக இருந்தது. அப்போது அவள் உடனே பதில் சொல்லவில்லை. மண்டபத்தின் முழு நீளத்தையும் நடந்து என்னிடம் வந்தாள்.

"இந்த இடம் சரி. ஆனா நீங்க தப்பா வாசிக்கிறீங்க, ஐயா. குடுங்க."

நான் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் நின்றேன்.

அக்டோபர் மாதப் பரிசளிப்பு விழாவில் அவள் வாசித்தாள். பிக்கப் பொருத்திவிட்டால் ஊளை அறவே வராது என்று எண்ண வேண்டாம். ஒலிபெருக்கியின் ஓசை தோலை அதிரச் செய்தால் அதே சுற்று மீண்டும் தொடங்கும். ஆகவே ஒலிபெருக்கிகளை அவளுக்கு முன்னால், பார்வையாளர்களை நோக்கி வைத்தோம். தோலுக்கும் உள்ளிருக்கும் குறுக்குக் கம்பிக்கும் இடையே மடித்த சிறு துணியைச் செருகினோம். மிகத் தாழ்ந்த ஓசைகளை மிக்சரில் குறைத்தோம். இரண்டாம் அடியில் அவள் ஓரிடத்தில் தவறினாள். தவறியதும் கடைசி வரிசை வரை கேட்டது. ஆனால் நிறுத்தவில்லை, அடுத்த தாளத்தில் சேர்ந்துகொண்டு பாடல் முடியும்வரை வாசித்தாள்.

இம்முயற்சியில் இறங்க எண்ணும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள்:

• பணத்தை முதலில் முன்பெருக்கிக்கு ஒதுக்குங்கள். கித்தாருக்கென்று தனி உள்ளீடு உள்ள ஒலிபெருக்கி பள்ளியில் இருந்தால், பெரும்பாலும் அதுவே போதும்.

• நிலையாக ஒட்டும் முன் குறைந்தது ஐந்து இடங்களிலாவது சோதியுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றொருவர் தொலைவில் நின்று கேட்க வேண்டும்.

• பீசோ தகடு, தோலின்மேல் கை உராய்வதையும் பிடிக்கும். கையைத் தூக்கி வாசிக்கப் பழக்குங்கள்.

• முரசும் மின்கித்தாரும் முழங்கும் பெரிய மேடைக்குக் காந்த வகையே ஏற்றது. பள்ளி மண்டபத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் 150 வெள்ளியில் 120 வெள்ளிக்கு மேல் மிச்சமாயிற்று. அதில் புதிய தந்திகள் வாங்கினோம். பழைய தந்திகள் அப்பா மாட்டியவை. அவற்றைச் சுருட்டி ஓர் உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

வகுப்பில் அவள் இன்றும் மெல்லத்தான் பேசுகிறாள். முன்பெல்லாம் "சத்தமாகப் பேசு" என்பேன். இப்போது நான் எழுந்து அவள் மேசைக்கு அருகில் போய் நின்று கேட்கிறேன்.