உயிலங்குளத்திலிருந்து ஹந்தானை மலைக்கு

உயிலங்குளம் ஊடாகச் செல்லும் மன்னார் – மதவாச்சி வீதியை எமக்கு நன்றாகத் தெரியும். 2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின் பின்னர் இவ்வீதியில் இங்கேதான் சோதனைச் சாவடி இருந்தது. அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் அப்பால் போகலாம். 2009இல் வன்னியிலிருந்து வந்த மக்களை அடைத்து வைத்த மெனிக்பாம் முகாமும் இதே வீதியை அண்டிய செட்டிகுளம் பகுதியில்தான் இருந்தது. இந்த வீதிக்கு அதற்கு முந்திய கதை ஒன்றும் உண்டு. மலைக்கு நடந்து போனவர்களின் கதை அது.

சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்னர் வெள்ளைக்காரர் கண்டிப் பகுதியில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். கோப்பி பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஏழைச் சனங்கள் தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கினார்கள். இங்கிருந்து காடு வழியே மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே போனார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியில் பலரைக் கொண்டுபோயின. விழுந்தவர்களை அந்தந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்களுக்கும் ஒரு வழிகாட்டி இருந்தான். அவன்தான் கங்காணி. பயணச் செலவுக்கு அவன் கொடுத்த முற்பணம் கடனாக ஏறும். அந்தக் கடனை எழுதி வைத்த 'துண்டு' என்ற கடுதாசி ஒருவரைத் தோட்டத்தோடு கட்டிப் போட்டது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

அந்த மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சுமார் 250 கிலோமீற்றர் நடைபயணம் ஒன்று நடந்தது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டிணைவு ஒழுங்கு செய்த அந்த நடை ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்தது. எங்கள் மாதர் குழுவில் அன்று எழுந்த பேச்சுத்தான் இந்தப் பயணத்துக்கு விதை. "அவையள் மலைக்குப் போன பாதையில நாங்களும் ஒருக்காப் போய்ப் பாத்தால் என்ன?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருடைய தாயார் 1977 கலவரத்தின் பின்னர் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியவர். அக்கா தன் தாய் பிறந்த மலையை ஒரு நாளும் கண்டதில்லை.

பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். அநேகமானோர் துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். எட்டு மாதங்கள் சிறுகச் சிறுகச் சேமித்தோம். ஊரில் கதையும் எழுந்தது. "புருசன் இல்லாததுகளுக்கு மலை ஏறுற பொழுதுபோக்குக் கேக்குதோ?" என்றார்கள். கோயிலுக்குப் போவதென்றால் எவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஒரு பெண் நேர்த்தி எதுவும் இல்லாமல், தனக்காகவே ஓர் இடத்தைப் பார்க்கப் போவதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

2024 புரட்டாசியில், காலபோக விதைப்பு வேலைகள் தொடங்குமுன் புறப்பட்டோம். நாங்கள் பஸ்ஸில் போனது பெரும்பாலும் அந்தப் பழைய நடைவழிதான். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டிக்குப் போய் ஒரு இரவு தங்கினோம்.

மலைநாட்டில் தோட்டப் பாதைகளையும் பழைய வண்டிப் பாதைகளையும் இணைத்து, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழி ஒன்று இப்போது இருக்கிறது. 'பீக்கோ டிரெயில்' என்பது அதன் பெயர். பீக்கோ என்பது தேயிலையின் ஒரு தரம். இந்த வழி 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டுப் பயணிகள் முதுகில் பை சுமந்து நாள்கணக்காக நடப்பார்கள். எமக்கு ஒரு நாள் போதும் என்று முதற் கட்டத்தை மட்டும் தெரிந்தெடுத்தோம். கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்டு இப்போது தேயிலை நூதனசாலையாக உள்ள பழைய தொழிற்சாலைக்குக் கிட்டத் தொடங்கி, கலஹாவில் முடியும் கட்டம் அது. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர் வரும்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி. புறப்படுமுன் எங்களை வட்டமாக நிற்க வைத்து, எங்கே ஏற்றம், எங்கே நிழல், எங்கே மலசலகூடம், எந்த இடத்தில் நடப்பதை நிறுத்திவிட்டு வாகனத்தில் போகலாம் என்றெல்லாம் சொன்னார். "ஏலாதுன்னா சொல்லுங்கம்மா, அந்த எடத்துலயே நின்னுடலாம்" என்றார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறினோம். எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் குளமும் வெட்டையும்தான். இங்கே ஒரு வளைவு திரும்பினால் முன்பு நின்ற இடம் காலுக்குக் கீழே கிடக்கிறது. வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே முகில் வந்து மூடிவிடுகிறது.

முதல் ஒரு மணித்தியாலம் எவரும் அதிகம் கதைக்கவில்லை. எங்களில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டபடி வந்தார். தம்பியும் சலிக்காமல், "அந்தச் சவுக்கு மரம் வரைக்கும் ஏத்தம், பொறகு எறக்கம்" என்று பதில் சொன்னார். தேத்தண்ணிக்கு இருந்தபோது அந்த அம்மா சொன்னார்: "மடுப்பக்கத்தால வெளிக்கிட்டு முள்ளிவாய்க்கால் மட்டும் இதைத்தான் கேட்டுக்கொண்டு போனனான். அண்டைக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை."

சமூகவியல் படித்தபோது இடப்பெயர்வு பற்றி எத்தனையோ பக்கங்கள் வாசித்திருக்கிறேன். நடை என்பதை இப்படிப் பிரித்து எனக்கு எவரும் விளக்கியதில்லை. எங்கே போய் முடியும் என்று தெரிந்து நடப்பதும், நினைத்த இடத்தில் நிற்க முடிவதும், மாலையில் வீடு திரும்ப வழி இருப்பதும் நடப்பவருக்கு உள்ள உரிமைகள். கங்காணிக்குப் பின்னால் போனவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. 2009இல் எங்கள் பெண்களுக்கும் கிடைக்கவில்லை.

பாதி வழியில், தொடையில் செல் துண்டு இருக்கும் தங்கச்சி ஒருவர் கால் கடுக்கிறது என்று சொன்னார். தம்பி தொலைபேசியில் கதைத்து, தோட்டப் பாதைக்கு முச்சக்கரவண்டியை வரவழைத்தார். ஒருவர் துணைக்கு ஏற, இருவரும் கலஹாவுக்கு முன்னே போய் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்தத் தங்கச்சி வெட்கப்படவில்லை. "பாதிமலை ஏறிட்டன்" என்று சிரித்தார்.

வழியில் லயன்களைக் கடந்தோம். தாய் பிறந்த மலையைத் தேடி வந்த அக்கா ஒரு வாசலில் நின்றுவிட்டார். அது அவருடைய தாயாரின் தோட்டம் அல்ல. ஆனாலும், கொழுந்துக்கூடை சுவரில் தொங்கிய அந்தச் சிறிய அறையைப் பார்த்து, "அம்மா சொன்னது மாதிரியே கிடக்கு" என்றார். உள்ளே இருந்த பெண் வெளியே வந்து தண்ணீர் தந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். மன்னார் என்றதும், "எங்க பாட்டன் பூட்டனெல்லாம் அங்கதான் எறங்கி நடந்தாங்களாம்" என்றார். இரண்டு பெண்களும் வெகு நேரம் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் புகைப்படம் எடுக்கவில்லை. அது ஒரு குடும்பத்தின் வீடு. இந்தப் பாதைகளை வெட்டியவர்களின் வாரிசுகள் இன்னமும் அந்த அறைகளில் இருக்கும்போது, அதை அழகான காட்சியாக மட்டும் பார்த்துவிட்டு வர முடியாது.

சகோதரிகளே, நீங்களும் போக நினைத்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழை புரட்டாசியோடு தணிந்தாலும், ஐப்பசியில் பிற்பகல்களில் இடியோடு மழை பெய்யும். ஆகவே காலை ஏழு மணிக்கு முன் நடக்கத் தொடங்குங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலினால் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து பெருந்தொகையானோர் உயிரிழந்தார்கள். பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் உதவும். தண்ணீர், மழைக்கோட்டு, வழமையாக எடுக்கும் மருந்து, மாதவிடாய்க்குத் தேவையானவை பையில் இருக்கட்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்குப் போய்ச் சேரும்.

பிற்பகலில் கலஹாவை அடைந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. தூரம் கேட்டபடி வந்த அம்மா, கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி இருந்ததும் தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டார். அடுத்த கட்டம் எங்கே போகிறது என்று. அது லூல்கந்துரவுக்குப் போகிறது, 1867இல் முதன்முதலாக வர்த்தகத்துக்குத் தேயிலை நட்ட தோட்டம் அங்கே இருக்கிறது என்று தம்பி சொன்னார். எங்கள் குழு இப்போது அதற்காகச் சேமிக்கிறது.