சுழி

ஓடும் தண்ணீர் ஓரிடத்தில் வட்டமிட்டு, நடுவில் குழிந்து, கீழ்நோக்கி இழுப்பது சுழி. பாறையிலோ பாலத்தூணிலோ மோதும் நீர் இருபுறமும் விரைந்து கடக்கிறது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கிய நீரோ ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வருகிறது. விரைவும் மந்தமும் உரசும் அந்த விளிம்பில்தான் சுழி பிறக்கும். மதகைத் திறந்தால் மடைவாய்க்கு மேலே நீர் குழிந்து திருகுவதும் சுழியே.

தென்மாவட்டங்களில் ஆற்றின் ஆழமான இடத்துக்குக் கசம் என்று பெயர். உயிர் பேச்சில் உசிரானது போலக் கயம் கசமாயிற்று. கசம் ஆழத்தைச் சொல்லும். சுழி அசைவைச் சொல்லும். நீந்தத் தெரிந்தவனும் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கு.

சுழல், சூழ், சுற்று, சுருள், சுரி எல்லாம் இதன் சுற்றத்தார். மலையாளத்திலும் இது சுழிதான். தெலுங்கில் சுடி; நம் ஏழு அங்கே ஏடு ஆவதும் கோழி கோடி ஆவதும் இதே வழக்கம். சுழல்காற்று அவர்களுக்குச் சுடிகாலி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த, இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடிப் பக்கத்தில், தமிழ் பேசுபவரும் மலையாளம் பேசுபவரும் ஆற்றங்கரையில் ஒருவரையொருவர் எச்சரிக்க இந்த ஒரு சொல்லே போதும்.

தண்ணீரை விட்டுக் கரையேறிய பிறகு சொல் போன தூரம்தான் வியப்பு. உச்சந்தலையில் மயிர் வட்டமிடும் இடம் சுழி. அது இரண்டாக இருந்தால் பெண்டாட்டியும் இரண்டு என்பது பாட்டிமார் கணக்கு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதோடு சுழியையும் பார்ப்பார்கள்; சுழி சரியில்லை என்றால் நல்ல காளையும் விலை இறங்கும். ‘அவன் சுழி அப்படி’ என்றால் விதி. எழுதத் தொடங்குமுன் போடுவது பிள்ளையார் சுழி. எழுத்துப்பிழைக்கு அஞ்சும் மாணவனுக்கு மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’. கணக்கில் ஒன்றுமில்லாததும் சுழியம்தான். பிடிக்காததைக் கண்டால் முகம் சுழிக்கிறது. பொருநராற்றுப்படையில் பாடினியின் கொப்பூழுக்கு உவமை நீர்ச்சுழி. இத்தனையிலும் ஈரம் இல்லை. வளைந்து உள்ளே திரும்பும் கோடு மட்டும் மாறாமல் இருக்கிறது.

அந்தக் கோட்டைக் கல்லில் கொண்டுவருவது மயிலாடிச் சிற்பிகளின் தொழில். விநாயகரின் துதிக்கை நுனி வலப்பக்கம் திரும்பினால் வலம்புரி, இடப்பக்கம் திரும்பினால் இடம்புரி. திசை மாறினால் தெய்வத்தின் பெயரே மாறுவதால், உளி வைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது அது. பள்ளிப் பாடநூல்கள் கடிகாரமுள் சுற்றும் திசையை வலஞ்சுழி என்றும் எதிர்த்திசையை இடஞ்சுழி என்றும் எழுதுகின்றன. அந்தக் கணக்கில், 2017 நவம்பர் 30 அன்று குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட ஒக்கிப் புயல் இடஞ்சுழி. வடகோளத்துப் புயல்கள் எல்லாம் அப்படியே.

ஊர்ப்பெயராகவும் சுழி நிலைத்திருக்கிறது. கும்பகோணத்துக்கு அருகே காவிரி வலமாகச் சுழித்த இடம் திருவலஞ்சுழி. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி சுந்தரர் பாடிய தலம். ரமணர் 1879இல் பிறந்த ஊர். ஊழிவெள்ளத்தைச் சிவன் சூலத்தால் துளையிட்டு, சுழித்து மண்ணுக்குள் இறங்கவைத்தான் என்பது அங்குள்ள தலபுராணம். அவ்வூர்க் குண்டாற்றில் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் மணல்தான்.