உறை போட்ட கணினி

எங்கள் தமிழ்த்துறைக்கு முதல் கணினி வந்தபோது அதற்கொரு உறை தைத்தோம். அரக்கு நிற வெல்வெட் துணி, ஓரத்தில் சரிகை. அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவோம். ஆயுத பூசையன்று திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இடுவோம். தூசி படாமல் காப்பதே கணினியைக் காப்பது என்று நாங்கள் நம்பியிருந்த காலம் அது.

மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்களை அந்தக் கணினியில்தான் சேமித்து வைத்திருந்தோம். பதிவுக் கருவியின் மெமரி கார்டு சிறியது. பாடல்களைக் கணினிக்கு மாற்றியதும் அதனை அழித்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவோம்.

2013ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் மின்சாரம் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. அடுத்த முறை வந்தபோது கணினி எழவில்லை. உள்ளிருந்து 'டக், டக்' என்று சீரான ஓர் ஒலி மட்டும் கேட்டது. யு.பி.எஸ். இருந்தது. அதன் பேட்டரி செத்து ஓராண்டு ஆகியிருந்தது. அதற்கும் உறை போட்டிருந்தோம்.

பழுது பார்க்க வந்த இளைஞர் பெட்டியைத் திறந்து காட்டினார். விசிறியின் இதழ்களில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. வேலை செய்யும்போதுகூட நாங்கள் உறையை முழுவதும் எடுப்பதில்லை. முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிடுவோம். பின்புறக் காற்றுத் துளைகள் மூடியே கிடந்தன. வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே சுழன்றிருக்கிறது. வன்தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் என்றும், அதனைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் தலைமயிரின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும் என்றும் அன்றுதான் அறிந்தோம். சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம். தட்டின் பரப்பே கீறிப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

தை மாதத்தில் ஓர் அம்மாள் துறைக்கு வந்தார். எங்களுக்குப் பாடிக் கொடுத்த மூதாட்டியின் மகள். "அம்மா போயிட்டாங்க சார். அவங்க பாடினத நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்" என்றார். எங்களிடம் இருந்தது ஒரு மாணவியின் குறிப்பேடு மட்டுமே. அவள் கேட்டுக் கேட்டு எழுதியிருந்த வரிகளை எங்களில் ஒருவர் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் தலையைக் குனிந்தபடி கேட்டிருந்துவிட்டு, "ஆமா, இது அம்மா பாட்டுதான்" என்று சொல்லி எழுந்து போனார். குரலைப் பற்றி மறுபடியும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

சுவடியியல் பாடத்தில் ஆண்டுதோறும் நாங்கள் சொல்லிக் கொடுப்பது என்ன? ஓலைக்குப் புல்தைலம் தடவலாம். நல்ல துணியில் பொதிந்து வைக்கலாம். ஆனாலும் பூச்சியும் ஈரமும் ஒருநாள் வெல்லும். ஓலை நைந்துபோகும் முன்பே யாரோ ஒருவர் புதிய ஓலையில் படியெடுத்ததால்தான் நூல் பிழைத்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல இடங்களிலிருந்து சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கினார். பல இடங்களில் படிகள் இருந்ததால் அது இயன்றது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட நாங்களே, ஒற்றைப் படியை ஒற்றைப் பெட்டிக்குள் வைத்து அதற்கு வெல்வெட் போர்த்தியிருந்தோம்.

அதன்பின் எங்கள் பழக்கங்கள் மாறின. வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்த வாரத்து வேலை அனைத்தையும் படியெடுக்கிறோம். மொத்தம் மூன்று படிகள்: கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வெளியிடத்தில் இருக்கும் இணையச் சேமிப்பில் ஒன்று. படியெடுத்தவுடன் தனி வன்தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறோம். இணைத்தே வைத்திருந்தால் மின்னலோ நச்சுநிரலோ இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும். மாதம் ஒருமுறை படிகளில் சில கோப்புகளைத் திறந்து பார்க்கிறோம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். கோப்பு இருந்தும் படிக்க முடியவில்லை என்றால் அதுவும் இழப்புதான்.

பெட்டியையும் மறந்துவிடவில்லை. காற்றுத் துளைகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் விட்டிருக்கிறோம். சில மாதங்களுக்கு ஒருமுறை, மின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுக்கிறோம். திரையில் நேரடியாக நீர் தெளிப்பதில்லை. மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைக்கிறோம். தேநீர்க் குவளைக்கு வேறு மேசை. யு.பி.எஸ். பேட்டரி தாங்குகிறதா என்று அவ்வப்போது சோதிக்கிறோம். கணினியை முறைப்படி நிறுத்திய பிறகே சுவர்ச் சுவிட்சில் கை வைக்கிறோம். மாணவர்கள் கொண்டுவரும் பென்டிரைவைச் சோதிக்காமல் திறப்பதில்லை. மென்பொருள் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, துறையின் கணினிகளை அடுத்த பதிப்புக்கு மாற்றிவிட்டோம்.

ஆயுத பூசைக்கு இப்போதும் பொட்டு வைக்கிறோம். உறை மட்டும் இல்லை.

நண்பர்களே, உங்கள் கணினியில் மட்டுமே இருக்கிற, வேறெங்கும் இல்லாத ஒன்றை இப்போது நினைத்துப் பாருங்கள். இன்று மாலையே அதற்கு ஒரு படி எடுத்துவிடுங்கள்.