டேப் ஓடுதா?

வானொலியில் கலை இலக்கிய நிகழ்ச்சி நடத்துபவர் என்றதும் மனதில் ஒரு பிம்பம் வரும். அடங்கிய குரல், அளந்த பேச்சு, எதிரே இருப்பவரைவிட ஒரு படி அதிகம் படித்த தோரணை. சிகாகோவின் ஸ்டட்ஸ் டெர்க்கெல் இதில் எதிலுமே சேராதவர். கரகரத்த குரல், கையில் சுருட்டு, நடுவில் புகுந்து வெடிக்கும் சிரிப்பு. டபிள்யூஎஃப்எம்டி என்ற எஃப்எம் நிலையத்தில் 1952 முதல் 1997 வரை, 45 வருடம் இப்படியே ஓட்டினார்.

1912-இல் பிறந்தவர். அப்பா தையல்காரர். குடும்பம் சிகாகோவுக்கு வந்து ஒரு சின்ன லாட்ஜ் நடத்தியது. அங்கே தங்கியவர்கள் முன்கூடத்தில் உட்கார்ந்து போட்ட சண்டையும் அரட்டையும்தான் அவருக்கு முதல் வகுப்பறை. 1934-இல் சட்டப் பட்டம் வாங்கினார், ஆனால் வக்கீலாக வேலை பார்க்கவேயில்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இந்த இடம் கொஞ்சம் ஆறுதல்.

1950-களின் தொடக்கத்தில் அவருடைய டிவி நிகழ்ச்சி நின்றுபோனது. இனவெறிச் சட்டங்களை எதிர்த்த மனுக்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். அது கம்யூனிஸ்ட் வேட்டைக் காலம். ஏமாந்து போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். சொல்லவில்லை. வேலை இல்லாமல் இருந்த நாட்களில், புதிதாகத் தொடங்கிய ஒரு நிலையத்தில் வுடி கத்ரியின் பாட்டு ஒலிப்பதைக் கேட்டு, அங்கே போன் போட்டு வேலை கேட்டார். காசில்லாத நிலையம், காசில்லாத ஆள். பொருத்தம் சரியாகத்தான் அமைந்தது.

ஜேம்ஸ் பால்ட்வின் வந்தார். 1963-இல், இன்னும் பெரிதாகப் பேர் வாங்காத பாப் டிலன் வந்தார். எழுத்தாளர் வருகிறார் என்றால் டெர்க்கெல் புத்தகத்தை முழுசாகப் படித்து, பக்கமெல்லாம் கோடு போட்டு எடுத்து வருவார். கேட்பதோ எளிமையான கேள்வி: இதை எப்படிச் செய்கிறீர்கள்?

அதே கேள்வியைத்தான் இரும்பாலைத் தொழிலாளியிடமும் கேட்டார். 1974-இல் வந்த 'வொர்க்கிங்' புத்தகம் முழுக்க, மனிதர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவதுதான். அதில் ஒரு ஹோட்டல் பணிப்பெண், தட்டைச் சத்தமே வராமல் மேஜையில் வைப்பதைப் பெருமையாகச் சொல்கிறார். கலைஞரைத் தொழிலாளியாகவும், தொழிலாளியைக் கலைஞராகவும் பார்த்தவர் டெர்க்கெல். அவருடைய மொத்த வாழ்க்கையும் இதில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

டேப் ரெக்கார்டர் மட்டும் கடைசிவரை கைக்கு வசப்படவில்லை. தப்பான பட்டனை அமுக்கிச் சில பெரிய கலைஞர்களின் பேச்சையே இழந்திருக்கிறார். ஆனால் அதிலும் ஒரு லாபம் இருந்தது. "டேப் ஓடலையே" என்று எதிரே இருப்பவர் சுட்டிக்காட்டி உதவி செய்த நிமிஷத்தில், அவருக்குக் கூச்சம் போய்விடும். நிபுணர் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற பயமும் போய்விடும்.

ஏறத்தாழ 5,600 நிகழ்ச்சிகள் அவர் விட்டுப்போனவை. அவற்றின் இணையக் காப்பகம் 2018-இல் திறக்கப்பட்டது. பாட்காஸ்ட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிற தலைமுறை நாம். டெர்க்கெலை அப்படிக் கேட்க முடியாது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் விடும் மௌனத்தில்தான் எதிரே இருப்பவர் யோசிக்கிறார். வேகத்தைக் கூட்டினால் முதலில் போவது அதுதான்.

ஆபீஸில் வருஷத்துக்கு ரெண்டு முறை என் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். என்ன முடித்தாய், எத்தனை முடித்தாய். எப்படிச் செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நானும் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவர். இரும்பு சரியாக வெட்டுப்படுகிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே சத்தத்தில் பிடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம் நிறுத்தவில்லை. அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா கடைசியில் சொன்னாள்: "இதையெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையே."

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "யார் கேட்டா?" என்றார்.