நாற்பத்தோராவது நாள்

எங்கள் கள்ளக்குறிச்சியில் மாசி வெயில் சுள்ளென்று ஏறுகிற சமயத்தில் எங்களுக்குத் தவக்காலம் பிறக்கும். சாம்பல் புதனன்று பூசையில், போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைச் சாமியார் நெற்றியில் பூசிவிடுவார். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. தலையில் பூ வைத்துக்கொள்வதில்லை. கல்யாணம், காதுகுத்து எதுவும் பேச மாட்டோம். காலண்டரில் எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும். ஞாயிறு ஆறையும் கழித்துவிட்டால் நாற்பது.

சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் கட்டாய ஒருசந்தி. அதுவும் பதினெட்டு வயதிலிருந்து அறுபது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம் என்று சாமியார்களே சொல்வார்கள். அவர்களுக்காகத்தான் பிடி அரிசி இருக்கிறதே! உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வருவோம். கடைசியில் அது இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும்.

பெண்களுக்கு இது அடுப்படியிலேயே முடிந்துவிடுகிற தவம். எங்கள் ஊர் ஆண்களில் பல பேருக்கோ தவக்காலம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: குடியை நிறுத்துவது.

என் கடைசிக் கொழுந்தனார் கொத்தனார் வேலை செய்கிறவர். தங்கமான மனுஷன், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்! ஆனால் சாம்பல் பூசிவிட்டால் ஒரு சொட்டுத் தொட மாட்டார். கூலியை அப்படியே கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவார். ஈஸ்டர் திருவிழிப்புப் பூசை முடிந்து, மணி அடித்து, எல்லோரும் சந்தோஷமாக வீடு திரும்புவோம். அவர் மட்டும் வரமாட்டார். "எனக்கு வருஷத்தில் நாற்பது நாள்தான் கல்யாண வாழ்க்கை அக்கா" என்று என் ஓரகத்தி ஒரு தடவை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அப்புறம் 2024 ஜூன் மாதம் வந்தது. எங்கள் ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோன மாதம். கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுவை ஜிப்மர் என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பின. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. அதில் கலந்திருந்தது மெத்தனால், தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் ரசாயனம். உடம்புக்குள் போனால் அது அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்பதால் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த வாரம் கொழுந்தனார் சேலம் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் போயிருந்தார். அதனால் பிழைத்தார். அவரோடு சாரம் கட்டுகிற ஒருவர் பிழைக்கவில்லை. அந்தச் சாவு வீட்டுக்குப் போய் வந்தவர், அன்று ராத்திரியும் குடித்துவிட்டுத்தான் வந்தார். பயம் மட்டும் குடியை நிறுத்தாது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

போன வருஷம், 2025 மார்ச் 5-ம் தேதி, சாம்பல் புதன். இரண்டாம் நாளே ஓரகத்தி ஓடி வந்தாள். "அக்கா, அவருக்குக் கை கிடுகிடுன்னு ஆடுது, வேர்த்துக் கொட்டுது, சுவத்துல என்னமோ ஊறுதுங்கறாரு." முந்தைய வருஷங்களிலும் கை ஆடும். நாங்கள் "பேய் இறங்குகிறது" என்று ஜெபம் சொல்லிக்கொண்டு இருந்துவிடுவோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் ஆட்டோ வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் எங்களைத்தான் கண்டித்தார். பல வருஷம் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாமாம். ஆஸ்பத்திரியில் வைத்து மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்து நிறுத்த வேண்டுமாம். "விரதம் நல்லதுதாம்மா. அதை இங்கே வந்து ஆரம்பிங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். அந்தத் தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் எங்கள் அன்பியத்துப் பெண்கள் கல்வராயன் மலைக்குப் போய்ச் சிலுவைப்பாதை செய்வது என்று முடிவு பண்ணினோம். பிடி அரிசி மூட்டையையும் மரச் சிலுவையையும் தூக்க ஆள் வேண்டுமே என்று கொழுந்தனாரையும் வேனில் ஏற்றிக்கொண்டோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம். அதைத் தாண்டினால் கோமுகி அணை. அங்கிருந்து மலைப்பாதை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறுகிறது. கீழே அனலாக அடித்த காற்று மேலே போகப் போகக் குளிர்ந்தது. வழியில் பெரியார் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. இந்த மலையில் சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் இரண்டு பாகம். சின்னது சுமார் 2,700 அடி, பெரியது சுமார் 4,000 அடி. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ்தான் பேசுகிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். வெகுகாலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

ஒரு சரிவான மண்பாதையில் பதினாலு ஸ்தலங்களையும் ஜெபித்துக்கொண்டு ஏறினோம். கொழுந்தனார் சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். மூன்றாம் ஸ்தலத்தில் இயேசு முதல் முறை விழுகிறார். ஏழாவதில் இரண்டாம் முறை, ஒன்பதாவதில் மூன்றாம் முறை. ஒன்பதாவதில் எல்லோரும் முழங்காலில் இருந்து எழுந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போனேன். "சாமியே மூணு தடவை விழுந்திருக்காரு அண்ணி" என்றார். வேறொன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இறங்கும்போது ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். புளி சீசன். ஒரு பாட்டியம்மா களத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டால் சாமைக் கஞ்சியே கொண்டுவந்து வைத்தார். கூடவே மிளகாய்த் துவையல். எங்கள் நாற்பது நாள் சமாசாரத்தைச் சொன்னோம். ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டவர், "சாராயம்னா எல்லாரும் எங்க மலையத்தான் கை காட்டறாங்க. காய்ச்சறவன் நாலு பேரு, பேரு எல்லாத்துக்கும். எம் மவன் குடிச்சே போயிட்டான்" என்றார். பிறகு கொழுந்தனாரைப் பார்த்து, "நாப்பது நாளு சாமிக்கு இருக்கியே, மறுநாளு பெண்டாட்டிக்கு இரு கண்ணு" என்றார்.

வேன் மலை இறங்கும் வரை கொழுந்தனார் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் கொண்டுபோன பிடி அரிசியில் ஒரு பங்கைப் பாட்டியிடம் கொடுத்தோம். அவர் விடுவாரா? எங்கள் முந்தானைகளில் புளியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் நாங்கள் வீட்டில் கூடிப் பேசினோம். ஈஸ்டர் ராத்திரியைப் பற்றித்தான். நாற்பது நாள் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், மறுநாளுக்கு என்று இத்தனை வருஷமாக யாரும் எந்த ஏற்பாடும் செய்ததில்லை! திரும்ப டாக்டரைப் பார்க்கும் தேதியை ஈஸ்டருக்கு அடுத்த வாரத்தில் வாங்கினோம். ஈஸ்டர் விருந்தை எங்கள் வீட்டில் வைத்து, பாட்டில் கொண்டுவருகிற மாப்பிள்ளைமார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டோம். பெரிய வியாழனன்று மௌனமான கோவில் மணி ஏப்ரல் 19 ராத்திரி திருவிழிப்பில் மறுபடி அடித்தபோது, ஓரகத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவரும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணி, ஒரு காபி கிடைக்குமா?" என்றார். நடுராத்திரி தாண்டியிருந்தது. டிகாஷன் போட்டுக் கொடுத்தேன்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலர் வீட்டிலும் இந்தக் கவலை இருக்கும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடியால் கணவரை இழந்தவர். மற்றப் பெண்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று 1980-ல் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குடி ஒரு நோய், அதற்கு மருந்தும் உண்டு, குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு என்று எத்தனையோ வீடுகளுக்குத் தெரியவைத்தவர். இன்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவிலேயே சிகிச்சை கிடைக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள். விரதமோ மாலையோ நேர்ச்சையோ, எதற்காக நிறுத்தினாலும் டாக்டரைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். விரதம் முடிகிற நாளுக்கு மறுநாள் என்ன என்பதையும் முன்னாலேயே யோசித்து வையுங்கள்.

எல்லாம் சுபம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆகஸ்டில் ஒரு நாள் கொழுந்தனார் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அவரே வந்து, "விழுந்துட்டேன் அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். போனார்கள்.

ஓரகத்தி வீட்டுச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. வருஷா வருஷம் தவக்காலத்தில் ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள், ஈஸ்டரோடு நிறுத்திவிடுவாள். போன வருஷம் நிறுத்தவில்லை. ஆகஸ்டில் ஒரே ஒரு தேதி காலியாக இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்திலிருந்து மறுபடியும் வட்டம் போட்டிருந்தாள்.